யார் சொன்னது? எப்போது சொன்னது? எதை வைத்துச் சொன்னது?
(நம்பத்தகுந்த உடல்நல நூல்களைத் தேடிப் படிப்பது பற்றிய குடும்ப நலச் சொற்பொழிவு)



குடும்ப நலக் கூட்டம் என்றால் மாத்திரை, காப்பர்-டி, ஆபரேஷன், தடுப்பூசி என்று பேசுவதுதான் வழக்கம். இன்று அவற்றுக்கெல்லாம் முன்னால் வருகிற ஒன்றைப் பேசப் போகிறோம். இந்த ஊசி நல்லதா, அந்த மாத்திரை ஆகுமா, குழந்தைக்கு இது கொடுக்கலாமா என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறோம்? யார் பேச்சைக் கேட்டு எடுக்கிறோம்?

அப்பத்தா ஒன்று சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா வேறொன்று சொல்கிறார். டீக்கடையில் ஒரு பேச்சு. கைபேசியில் ஒரு படம். சுவரில் ஒரு விளம்பரம். எல்லாம் காதில் விழுகிறது. எது சரி, எது தப்பு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், கேட்டதெல்லாம் மருந்தாகிவிடும். அது உயிருக்கே உலை வைக்கும்.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் தமிழ்நாட்டில், திருப்பூரில் நடந்ததைப் பலர் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றார்கள். குழந்தை பிறந்தது. தாய் இரத்தப்போக்கால் இறந்து போனார். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. ஏழ்மையால் ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்களும் அல்ல. தேடினார்கள்; பார்த்தார்கள்; நம்பினார்கள். ஆனால் பார்த்ததைச் சோதித்துப் பார்க்கவில்லை. தகவல் இல்லாத காலத்தில் தகவல் இல்லாமல் செத்தார்கள். இப்போது தகவல் கொட்டிக் கிடக்கிறது. அதிலே தப்பான தகவலால் சாவு வருகிறது.

ஆகவே இன்று நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான்: உடல்நலச் செய்தி எதுவானாலும் சோதித்து ஏற்க வேண்டும். சோதிக்கும் வழி எளிது. தேடும் இடங்களும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

படிப்பு நமக்குப் புதிதல்ல

"புத்தகம், நூலகம் எல்லாம் பட்டணத்துச் சமாச்சாரம். நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைக்க வேண்டியதே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது நம் புதுக்கோட்டையில்தான். பெண் பிள்ளைகள் கல்லூரிப் படி ஏறாத காலத்தில் மகாராஜா கல்லூரியில் படித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் உருவாகக் காரணமாக இருந்தவரும் அவரே. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது.

அடுத்து, 1991-இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயல் வேலைக்கும் கல்குவாரிக்கும் போய் வந்த பெண்கள், இரவு அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கற்றார்கள். சைக்கிளும் கற்றார்கள். கூட்டம் கூட்டமாகப் பெண்கள் சைக்கிள் விட்டதை நாடே எழுதியது. இந்தக் கூட்டத்தில் உள்ள பாட்டிமார்களில் சிலர் அன்றைக்குக் கற்ற எழுத்தில்தான் இன்றும் பஸ் பலகை படிக்கிறார்கள். அந்த எழுத்தைக் கொண்டு மாத்திரை அட்டையையும் படிக்கலாம், மருத்துவப் புத்தகத்தையும் படிக்கலாம்.

ஐந்து விரல் கேள்விகள்

உடல்நலம் பற்றி எதைக் கேட்டாலும், எதைப் படித்தாலும், உங்கள் கையைப் பாருங்கள். ஐந்து விரலுக்கு ஐந்து கேள்வி.

பெருவிரல்: யார் சொன்னது?

எழுதியவர் பெயர் இருக்கிறதா? அவர் என்ன படித்தவர்? எந்த நிறுவனம் வெளியிட்டது? "ஒரு பெரிய டாக்டர் சொன்னார்" என்று வரும், எந்த டாக்டர் என்று வராது. ஊர் பேர் தெரியாதவன் விற்கிற மாட்டை நாம் வாங்குவோமா? பல்லைப் பிடித்துப் பார்த்து, யார் வீட்டு மாடு என்று விசாரித்துத்தானே வாங்குகிறோம். பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்துக்கு அந்த விசாரணைகூட வேண்டாமா?

ஆள்காட்டி விரல்: எப்போது சொன்னது?

புத்தகத்தைத் திறந்ததும் முதல் இரண்டு மூன்று பக்கத்துக்குள் பதிப்பு ஆண்டு போட்டிருக்கும். அதை முதலில் பாருங்கள். மருத்துவ அறிவு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். குழந்தைக்கு எத்தனை மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்? 1980-களில் வந்த பல புத்தகங்களில் நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கூழும் கஞ்சியும் தொடங்கலாம் என்று இருக்கும். 2001-இல் உலக நலவாழ்வு அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடி, ஆறு மாதம் முடிய தாய்ப்பால் மட்டுமே, தண்ணீர்கூட வேண்டாம் என்று தீர்மானித்தன. பழைய புத்தகம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. அன்று தெரிந்ததை எழுதினார். இன்று கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளும் அப்படித்தான். 1985-இல் அச்சான புத்தகத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் 'அந்தரா' ஊசியோ, 'சாயா' மாத்திரையோ அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று இருக்காது. அவை அரசின் குடும்ப நலத் திட்டத்தில் பின்னால் சேர்ந்தவை. ஆண்டைப் பார்க்காமல் படித்தால், நமக்குக் கிடைக்கக்கூடியதையே இல்லை என்று நினைத்துவிடுவோம்.

நடுவிரல்: எதை வைத்துச் சொன்னது?

ஐந்திலும் நீளமான விரல் இது. முக்கியமான கேள்வியும் இதுதான். "என் கொழுந்தியாளுக்குக் கேட்டது" என்பது ஒருவர் அனுபவம். ஆயிரம் பேரைக் கவனித்து, கொடுத்தவர்களுக்கு என்ன ஆயிற்று, கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எண்ணிப் பார்த்து எழுதுவது ஆராய்ச்சி.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும் என்று ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சொன்னார்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பொங்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை, வீட்டுக்காரர்களையே வாயால் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் அதை எண்ணி எழுதி 1973-இல் மருத்துவ இதழில் வெளியிட்டார். மற்ற நாட்டு டாக்டர்களும் படித்தார்கள், செய்து பார்த்தார்கள். இன்று துணை சுகாதார நிலையத்தில் நர்ஸம்மா கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கு வழி பிறந்தது இப்படித்தான். அந்தப் பொட்டலத்தின் உப்பு, சர்க்கரை அளவையும் மேலும் ஆராய்ந்து 2002-இல் குறைத்து மாற்றினார்கள். கூடவே 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்கச் சொன்னார்கள். இதற்குத்தான் "எதை வைத்து?" என்று கேட்பது.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு புத்தகம் சொன்னது போதாது. அமெரிக்காவில் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம் உலகமெங்கும் விற்றது. அதன் 1950-களின் பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கலாம் என்று எழுதியிருந்தார். படித்த தாய்மார்கள் எல்லாம் அப்படியே செய்தார்கள். குப்புறப் படுத்த குழந்தைகள் தூக்கத்தில் இறப்பது கூடுதல் என்பதற்கு 1970-லேயே ஆராய்ச்சிகள் வந்துவிட்டன. அந்தக் கட்டுரைகள் நூலகங்களில் இருந்தன. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்து வைத்து யாரும் பார்க்கவில்லை. 1990-களில்தான் குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பெரிய அளவில் சொன்னார்கள். முன்பே சேர்த்துப் பார்த்திருந்தால் மேலை நாடுகளில் ஐம்பதாயிரம் குழந்தைகளாவது பிழைத்திருக்கக்கூடும் என்று 2005-இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. புத்தகம் அலமாரியில் இருந்தால் மட்டும் போதாது. எடுக்க வேண்டும்; ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேண்டும். ஆக, பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். இதையும் இன்றே கற்றுக்கொண்டு போங்கள்.

மோதிர விரல்: இதனால் யாருக்கு ஆதாயம்?

சொல்கிறவரே விற்கிறவராக இருந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். டப்பாப் பால் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992-இலேயே சட்டம் வந்துவிட்டது. கருத்தடைக்கு மருந்து, கருக்கலைக்க மருந்து, மாதவிலக்குக் கோளாறு தீர்க்க மருந்து, ஆண்மைக்கு மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு சட்டம் தடை செய்கிறது. என்ன குழந்தை என்று கண்டு சொல்வதும், அப்படிச் சொல்வதாக விளம்பரம் செய்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆண் குழந்தைக்கு லேகியம் தருகிறேன் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனிடமிருந்து வருகிற அணு. அதற்கு மருமகளைக் குற்றம் சொல்லவும் வேண்டாம், மருந்து குடிக்க வைக்கவும் வேண்டாம்.

எங்கள் துறையின் பிரசுரத்தையும் இதே கேள்வி கேளுங்கள். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஒரு காலத்தில் இத்தனை ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்து வேலை நடந்தது. 1996-இல் மத்திய அரசு அந்த இலக்கு முறையைக் கைவிட்டது. எந்த முறை வேண்டும், எதுவும் வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை தம்பதிகளுக்கே உண்டு.

சுண்டு விரல்: நல்லதும் கெட்டதும் இரண்டும் சொல்கிறதா?

"பக்க விளைவே கிடையாது, நூற்றுக்கு நூறு குணம்" என்று எழுதியிருந்தால் அதை மூடி வைத்துவிடலாம். நல்ல நூல் நன்மையையும் சொல்லும், தொல்லையையும் சொல்லும், யாருக்கு ஆகாது என்றும் சொல்லும். ஆண்களுக்கான கருத்தடை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் உழைக்கும் பலம் குறையாது, தாம்பத்திய உறவும் கெடாது. ஆனால் செய்த அன்றே பலன் தராது. மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது பகுதியையும் சேர்த்துச் சொல்கிற பிரசுரம்தான் முழுமையானது.

எங்கே தேடுவது?

முதலில் உங்கள் ஊர் நூலகம். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் மற்ற மாநிலங்களுக்கு அது வழிகாட்டி. அன்றிலிருந்து வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். வரி கட்டுகிற நாம் நூலகத்துக்குள் கால் வைக்காமல் இருந்தால் நட்டம் யாருக்கு? ஊர்ப்புற நூலகம், கிளை நூலகம், நகரத்தில் மாவட்ட மைய நூலகம் என்று படிப்படியாக இருக்கின்றன. சிறு காப்புத்தொகையும் சந்தாவும் கட்டி உறுப்பினரானால் வீட்டுக்கே எடுத்து வந்து படிக்கலாம். உட்கார்ந்து படிக்கக் காசே வேண்டாம்.

உள்ளே போனதும் அலமாரியைக் கண்டு மலைக்காதீர்கள். ரேஷன் கடையில் அரிசி ஒரு மூட்டை, சர்க்கரை ஒரு மூட்டை என்று பிரித்து வைப்பது போலப் புத்தகத்தையும் எண் போட்டுப் பிரித்து வைப்பார்கள். பொதுவாக வழங்கும் டியூயி பகுப்பு முறையில் மருத்துவத்துக்கு எண் 610. உடல்நலம் பேணுதல் 613. குடும்பக் கட்டுப்பாட்டு நூல்களும் அந்த வரிசையில்தான் இருக்கும். கர்ப்பம், பிரசவம், பெண்கள் நோய், குழந்தை நோய் எல்லாம் 618. பிள்ளை வளர்ப்பு 649. இந்த நான்கு எண்ணையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். எண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "கர்ப்பிணிகள் பற்றிப் புது புத்தகம் இருக்கா ஐயா?" என்று நூலகரைக் கேளுங்கள். எடுத்துத் தருவது அவர் வேலை, சந்தோஷமாகச் செய்வார்.

பெண்கள் நூலகத்துக்குப் போகக் கூச்சப்படலாம். கணவர்மார்கள் கூட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் நீங்கள் எடுத்து வந்து கொடுங்கள். "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஒதுங்காமல் நீங்களும் படியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வாசித்துக் காட்டட்டும். பிள்ளை வாசிக்கக் கூசும் பகுதியைக் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் வாசித்துக் காட்டலாம்.

நம் நகரத்தில் திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்ற நூலகம் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற தம்பதியர் தங்கள் சம்பாத்தியத்தில் வாங்கிச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உள்ளன. கணவனும் மனைவியும் ஒரே மனதாக நின்றால் என்ன செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. பக்கத்துச் சீமையில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே அமைந்தது. இப்படிப்பட்ட இடங்களில் பழைய மருத்துவ நூல்களும் இருக்கும். தமிழில் மருத்துவ நூல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம், ரசாயனம் என்று தமிழில் புத்தகங்கள் அச்சிட்டார். தமிழில் டாக்டர் படிப்பு முடியுமா என்று இன்றும் கேட்பவர்களுக்கு அவை பதில்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய நூல் பொக்கிஷம்தான், ஆராய்ச்சிக்கு உதவும். அதைப் பார்த்து வீட்டில் வைத்தியம் செய்யக் கூடாது. ஆள்காட்டி விரல் கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது இடம், துணை சுகாதார நிலையம். கிராம சுகாதார செவிலியரிடம் வார்த்தையாக மட்டும் கேட்காமல், "இது எழுத்தில் இருக்காம்மா? காட்டுங்க" என்று கேளுங்கள். தாய் சேய் நல அட்டையிலேயே எத்தனை விஷயம் அச்சாகியிருக்கிறது! கர்ப்ப காலத்தின் ஆபத்து அறிகுறிகள், தடுப்பூசி நாட்கள், குழந்தை வளர்ச்சிக் கோடு எல்லாம் அதில் உண்டு. பலர் அதை ஊசி போட்ட தேதி குறிக்கும் சீட்டு என்றே நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கிற முதல் மருத்துவப் புத்தகம் அதுதான். இன்று இரவே எடுத்துப் படியுங்கள்.

மூன்றாவது, 104 என்ற எண். மருத்துவ ஆலோசனைக்குக் கூப்பிடலாம். ஆனால் ஆபத்து என்றால் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108.

நான்காவது, டாக்டர். டாக்டர்களும் தேடிப் படிக்கிறவர்கள்தான். அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற இராணுவ டாக்டர் 1879-இல் உலக மருத்துவக் கட்டுரைகளுக்கெல்லாம் அட்டவணை போடத் தொடங்கினார். அந்தப் பணி வளர்ந்து இன்று 'பப்மெட்' என்ற பெயரில் கணினியில் இருக்கிறது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் குறிப்பு அதில் உண்டு. 1997 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். அது ஆங்கிலத்தில் இருப்பதால் நமக்கு நேரடியாகப் பயன்படாது. ஆனால் உங்கள் மகனோ மகளோ நர்ஸிங்கோ, பார்மஸியோ படிக்கிறார்கள் என்றால் அவர்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் வந்துவிட்டது. படித்த டாக்டர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சந்தேகத்தைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். "டாக்டர் கோவிச்சுக்குவாரோ" என்று பயப்படாதீர்கள்.

ஒரு சந்தேகத்தைத் தேடிப் பார்ப்போம்

இதையெல்லாம் நடைமுறையில் எப்படிச் செய்வது? முதல் குழந்தைக்கு இடைவெளி விட நினைக்கும் ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். காப்பர்-டி போட்டுக்கொள்ள மனைவிக்கு எண்ணம். ஆனால் "அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போயிடும்" என்று ஊரில் ஒரு பேச்சு. மாமியாருக்குப் பயம், கணவனுக்குக் குழப்பம்.

முதல் விரல்: யார் சொன்னது? விசாரித்தால், கேட்டவர் கேட்டவர் என்று போகிறதே தவிர, கண்டவர் ஒருவரும் இல்லை. அடுத்து கணவன் நூலகம் போய் 613-ஆம் வரிசையிலும் 618-ஆம் வரிசையிலும் ஒவ்வொரு புத்தகம் எடுக்கிறார். ஆண்டு பார்க்கிறார். இரண்டில் புதியதை முதலில் படிக்கிறார். இரண்டிலும் ஒரே செய்தி இருக்கிறது. காப்பர்-டி கருப்பைக்குள் இருக்கும் சிறு சாதனம்; கருப்பைக்கும் நெஞ்சுக்கும் வழி கிடையாது. 380-ஏ என்ற வகை பத்து ஆண்டு வரை பயன் தரும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். பிறகு கர்ப்பம் தரிக்கலாம்.

தொல்லைகளையும் அதே புத்தகங்கள் சொல்கின்றன. முதல் சில மாதங்கள் மாதவிலக்கில் இரத்தம் கூடுதலாகப் போகலாம், வலி இருக்கலாம். சிலருக்குத் தானாக வெளியே வந்துவிடலாம். மிக அபூர்வமாக, போடும்போது கருப்பைச் சுவரில் துளை விழலாம். கருப்பையில் புண்ணோ கிருமித் தொற்றோ இருந்தால் போடக்கூடாது. ஊர்ப்பேச்சு எங்கிருந்து பிறந்தது என்று இப்போது புரிகிறதல்லவா? அபூர்வமாக நடக்கும் ஒன்றைக் கேட்டு, அதற்குக் கையும் காலும் வைத்துவிட்டார்கள்.

பிறகு இருவரும் சேர்ந்து கேள்விகளை எழுதுகிறார்கள். "எனக்கு இரத்தச் சோகை இருக்கிறது, எனக்கு ஆகுமா?" "நூல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?" "எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும்?" இந்தச் சீட்டோடு ஆரம்ப சுகாதார நிலையம் போகிறார்கள். மனைவியின் உடம்பைப் பரிசோதித்து டாக்டர் பதில் சொல்கிறார். புத்தகம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும். உங்கள் உடம்புக்கு என்ன என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

கடைசியில் அவர்கள் காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆணுறையே போதும் என்றும் சொல்லலாம். எதுவானாலும் பயந்து எடுத்த முடிவாக இருக்காது. தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். மாமியாருக்கும் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினால் அவர் பயமும் தெளியும். பெரியவர்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பெற்றவளை ஓய்வாக வைத்திரு, நன்றாகச் சாப்பிடச் சொல் என்பதெல்லாம் பொன்னான பேச்சு. ஆனால் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவதும், பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும், கழுதைப்பால் புகட்டுவதும் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து.

தேடியதைப் பத்திரமாக வையுங்கள்

நிலப் பத்திரத்தை எப்படி வைத்திருக்கிறோம்? டிரங்குப் பெட்டியில், துணியில் சுற்றி, சாவி போட்டு. உடம்புப் பத்திரத்தை? கூரை இடுக்கில், அரிசிப் பானைக்கு மேலே, பிள்ளை கிழித்த பாதி. அவசரத்துக்குத் தேடினால் கிடைக்காது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இரத்த வகை என்ன, முதல் பிரசவம் எப்படி, எந்த மருந்து ஒவ்வாது என்று கேட்பார்கள்.

ஒரு மஞ்சள் பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நான்கு சாமான்.

1. தாய் சேய் நல அட்டை. கர்ப்பப் பதிவு எண்ணைத் தனியே ஒரு தாளிலும் எழுதி வையுங்கள். மகப்பேறு உதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும், 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்.

2. பரிசோதனைச் சீட்டுகள். இரத்தம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் தேதி வரிசையில், பழையது கீழே, புதியது மேலே.

3. மருந்துச் சீட்டுகள். காப்பர்-டி போட்ட தேதி, எடுக்க வேண்டிய ஆண்டு. ஊசி போட்ட தேதி, அடுத்த தேதி. எந்த மருந்தால் அரிப்போ மயக்கமோ வந்தது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

4. நாற்பது பக்க நோட்டு ஒன்று. படித்ததையும் கேட்டதையும் அதில் குறியுங்கள். எந்தப் புத்தகம், எழுதியவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று ஒரு வரி போதும். கேட்க வேண்டிய கேள்விகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். பதில் கிடைத்ததும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கைபேசியில் படம் எடுத்து வைத்தாலும் நல்லதுதான். ஆனால் கைபேசி தண்ணீரில் விழும், திருடு போகும். தாள் இருக்கட்டும். பை இருக்கும் இடம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். கணவர் வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பவர் என்றால் மாமனாருக்காவது தெரிய வேண்டும். 108 வண்டி வாசலில் வந்து நிற்கும்போது பைதான் முதலில் ஏற வேண்டும்.

முடிவாகச் சில சொற்கள்

தாய்மார்களே, பெரியோர்களே! புத்தகம் படித்துவிட்டு நாமே டாக்டர் ஆகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கே இந்தப் படிப்பு. நன்றாகக் கேட்கத் தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

இந்த மாதத்துக்குள் மூன்று காரியம் செய்யுங்கள்:

ஊர் நூலகத்தில் குடும்பத்துக்கு ஒருவராவது உறுப்பினராகுங்கள்.

தாய் சேய் நல அட்டையைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படியுங்கள்.

மஞ்சள் பையைத் தைத்து ஆணியில் மாட்டுங்கள்.

அடுத்த முறை கைபேசியில் ஒரு வைத்தியம் வந்தால், அதை மற்றவருக்கு அனுப்புமுன் கையை ஒரு முறை விரித்துப் பாருங்கள். யார்? எப்போது? எதை வைத்து? யாருக்கு ஆதாயம்? நல்லதும் கெட்டதும் சொன்னதா? ஐந்துக்கும் பதில் கிடைத்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் விரல் நுனியில் நின்றுபோகிற ஒரு பொய், யாரோ ஒரு தாயின் உயிரைக் காப்பாற்றலாம்.